முதுகில் போடும் ஒரு மருந்து மரத்துப்போக வைக்கிறது, இன்னொன்று துடிக்க வைக்கிறது: ஏன்?

கேள்வி இது: அறுவை சிகிச்சைக்கு முன் முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது. அதே இடத்தில் தவறுதலாக வேறொரு மருந்து ஏறிவிட்டால் கால்கள் வெட்டி வெட்டி இழுத்து வலிப்பே வந்துவிடுகிறது என்று படித்தேன். தண்டுவடம் மூளையிலிருந்து இறங்கி வரும் கம்பிக் கட்டுதானே? கம்பியில் ஒன்று மின்சாரம் போகும், இல்லை என்றால் போகாது. ஒரு வேதிப்பொருளால் அதை எப்படித் துடிக்க வைக்க முடியும்?

நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கம்பிக் கட்டுப் படத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே வெள்ளைப் பகுதி, நடுவே வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தது போல ஒரு சாம்பல் பகுதி. வெள்ளைதான் நீங்கள் சொல்லும் கம்பிகள். சாம்பல் பகுதி முழுக்க நரம்பணுக்கள். சுண்டுவிரல் தடிமனும் ஏறக்குறைய 45 செ.மீ. நீளமும் உள்ள இந்த உறுப்பு தானாகவே கணக்குப் போட்டு முடிவெடுக்கும். சூடான பாத்திரத்தில் கை பட்டதும், சுட்டது உங்களுக்கு உறைப்பதற்கு முன்பே கையை இழுத்துவிடுகிறீர்களே, அந்த முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது.

வண்ணத்துப்பூச்சியின் பின்பக்க இறக்கை, அதாவது பின்கொம்பு, தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் செய்திகளை வாங்குகிறது. முன்கொம்பில் தசைகளை இயக்கும் பெரிய நரம்பணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பவை இடைநரம்பணுக்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மை இவைதான், இந்தப் பதிலின் கதாநாயகர்களும் இவைதான். பிரோர் ரெக்செட் என்ற ஸ்வீடன் நாட்டவர் 1952-இல் பூனையின் தண்டுவடத்தை ஆராய்ந்து இந்தச் சாம்பல் பகுதியைப் பத்து அடுக்குகளாகப் பிரித்தார். இன்றும் அந்த எண்களைத்தான் பயன்படுத்துகிறோம்.

இனி கணக்கைப் பார்ப்போம். தசையை இயக்கும் ஒரு நரம்பணு சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். அதன் உடலிலும் கிளைகளிலும் ஆயிரக்கணக்கான இணைப்புகள். சில இணைப்புகளில் குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருள் கொட்டும். அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகள் திறந்து சோடியம் உள்ளே பாயும். நரம்பணு சுடும், அதாவது ஒரு மின்துடிப்பை அனுப்பும், எல்லையை நோக்கி மின்னழுத்தம் ஏறும். வேறு சில இணைப்புகளில் கிளைசின் அல்லது காபா என்ற அடக்கும் வேதிப்பொருள் கொட்டும். குளோரைடு வாயில்கள் திறக்கும். ஏறியது இறங்கும், இல்லாவிட்டால் ஏற முடியாமல் நிற்கும். வரவும் செலவும் நொடிக்கு நொடி கூட்டிக் கழிக்கப்பட்டு, மிச்சம் எல்லையைத் தாண்டினால் நரம்பணு சுடும், தசை சுருங்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தண்டுவடம் இயல்பிலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும் குதிரை. அது ஓடாமல் நிற்பது களைப்பால் இல்லை, கடிவாளத்தால். முழங்கையை மடக்கும் தசைக்கு ஆணை போகும்போதெல்லாம் நீட்டும் தசையை இயக்கும் நரம்பணுக்களை ஓர் இடைநரம்பணு அடக்கி வைக்கிறது. இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்துக் கை விறைத்துவிடும். ஆகவே தண்டுவடத்தைத் துடிக்க வைக்கச் சவுக்கடியே வேண்டாம். கடிவாளத்தை அறுத்தாலே போதும்.

இதைக் காட்ட எட்டி விதையைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது. எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று நம் பழமொழி ஏளனம் செய்யும் அதே எட்டிதான். அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதையிலிருந்து 1818-இல் பெல்லட்டியே, கவெந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்ததுதான் ஸ்ட்ரிக்னைன்; எட்டி விதையிலும் அது உண்டு. இந்த நஞ்சு எந்த நரம்பணுவையும் தூண்டுவதில்லை. கிளைசின் வந்து உட்கார வேண்டிய ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். உட்கார்ந்தும் குளோரைடு வாயிலைத் திறப்பதில்லை. பூட்டில் நுழைந்து, திரும்பாமல் அடைத்துக்கொண்ட சாவி போல.

விளைவு கொடூரமானது. கிளைசின் வேலை செய்யாத தண்டுவடத்தில் ஒரு மெல்லிய தொடுகையோ கதவு சாத்தும் சத்தமோ போதும், உடம்பின் எல்லாத் தசைகளும் ஒருசேரச் சுருங்கும். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றையொன்று இழுக்க, வலுவானது வெல்லும். முதுகுத் தசைகள் வலுவானவை என்பதால் உடல் வில்லாக வளையும். நெஞ்சுத் தசைகள் விறைத்து மூச்சு நிற்கும். நோயாளி இத்தனையையும் முழு நினைவோடு அனுபவிக்கிறார்! மூளையிலிருந்து கிளம்பி உடல் முழுவதும் பரவும் வலிப்பில் நினைவு தப்பிவிடும். இங்கே தப்புவதில்லை, ஏனென்றால் கிளைசினை முதன்மையாக நம்பியிருப்பவை தண்டுவடமும் மூளைத்தண்டும். பெருமூளை அடக்குவதற்குப் பெரும்பாலும் காபாவைப் பயன்படுத்துகிறது. சிகிச்சையும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. டயசெபாம் போன்ற மருந்துகள் காபா ஏற்பியின் வேலையைக் கூட்டுகின்றன. ஒரு கடிவாளம் அறுந்தால் இன்னொன்றை இறுக்கிப் பிடிக்கிறோம். கூடவே இருட்டான, சத்தமில்லாத அறை.

ஸ்ட்ரிக்னைனுக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். கிளைசின் ஒரு நரம்புக்கடத்தி, அதாவது நரம்பணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் பொருள், என்ற கருத்தை 1960-களின் நடுவில் அப்ரிசன், வெர்மன் ஆகியோர் முன்வைத்தபோது, அது புரதங்களில் எங்கும் இருக்கும் மிகச் சிறிய அமினோ அமிலமாயிற்றே, அதுவா என்ற தயக்கம் இருந்தது. அந்த அடக்கும் விளைவை ஸ்ட்ரிக்னைன் குறிப்பாகத் தடுத்தது என்பது வலுவான சான்றாக நின்றது. பின்னாளில் கிளைசின் ஏற்பியைத் தனியாகப் பிரித்தெடுக்கவும் ஸ்ட்ரிக்னைனையே தூண்டிலாகப் பயன்படுத்தினார்கள்.

அதற்கும் முன்பு, இணைப்புகளில் செய்தி வேதிப்பொருளால் தாவுகிறதா மின்பொறியால் தாவுகிறதா என்பதே பெரிய சண்டை. மின்பொறிக் கட்சியின் தலைவர் ஜான் எக்கிள்ஸ். 1951-இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் அவரும் பிராக், கூம்ப்ஸ் என்ற இரு சகாக்களும் பூனையின் தண்டுவடத்தில் ஒரே ஒரு நரம்பணுவுக்குள் நுண்ணிய கண்ணாடி மின்வாயைச் செலுத்தினார்கள். அடக்கும் செய்தி வரும்போது மின்னழுத்தம் எந்தத் திசையில் நகரும் என்று எக்கிள்ஸின் கொள்கை முன்கூட்டியே சொல்லியிருந்தது. நகர்ந்தது நேர் எதிர்த் திசையில். தன் கொள்கை தோற்றது என்று அவர் அங்கேயே ஒப்புக்கொண்டு வேதிக் கட்சிக்கு மாறினார். 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாறிய வேகத்தில் இன்னொன்றையும் செய்தார்: தசையில் அசிட்டைல்கோலின் என்ற தூண்டும் வேதிப்பொருளை வெளியிடும் அதே நரம்பணு, தண்டுவடத்துக்குள் விடும் கிளையிலும் அசிட்டைல்கோலினையே வெளியிட்டு ரென்ஷா செல் என்ற அடக்கும் அணுவைத் தூண்டுகிறது என்று 1954-இல் காட்டினார். அந்த ரென்ஷா செல் திரும்பி வந்து தன்னைத் தூண்டியவரையே அடக்கும். தன் கடிவாளத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் குதிரை!

கடிவாளத்தை அறுக்க இன்னொரு வழி, பிடித்திருக்கும் கையையே முடக்குவது. தனுர்வாதம் அப்படித்தான். தனுசு என்றால் வில். உடல் வில்லாக வளைவதைப் பார்த்து வைத்த பெயர். காயத்தில் வளரும் டெட்டனஸ் கிருமியின் நச்சு, நரம்பு நுனியில் ஏறி, நரம்புக்குள்ளேயே பின்னோக்கிப் பயணம் செய்து தண்டுவடத்தை அடைகிறது. அங்கே ஓர் இணைப்பைத் தாண்டி அடக்கும் இடைநரம்பணுவுக்குள் நுழைந்து, சினாப்டோபிரவின் என்ற புரதத்தைத் துண்டிக்கிறது. அந்தப் புரதம் இல்லாமல் கிளைசினையும் காபாவையும் அடைத்து வைத்திருக்கும் பைகள் வெடிக்காது. இந்தப் பயணத்துக்கு நாள் ஆகும் என்பதால்தான் காயம் பட்டுச் சில நாட்களோ வாரங்களோ கழித்து நோய் தெரிகிறது. தாடைக்குப் போகும் நரம்பு குட்டையானது என்பதால்தான் பெரும்பாலும் தாடை முதலில் பூட்டிக்கொள்கிறது.

என்னை இன்றும் வியக்க வைப்பது அடுத்த செய்திதான். சுருக்கம் நீக்கப் போடும் போட்டாக்ஸ் ஊசியின் உறவினரான பி வகை போட்டுலினம் நச்சு, இதே சினாப்டோபிரவினை இதே இடத்தில்தான் வெட்டுகிறது. 1992-இல் இது தெரியவந்தது. கத்தரிக்கோல் ஒன்று, வெட்டும் இடமும் ஒன்று, ஆனால் ஒன்று உடலை விறைக்க வைக்கிறது, மற்றது தளர்ந்து விழ வைக்கிறது. போட்டுலினம் நச்சு தசையோரத்திலேயே தங்கி அசிட்டைல்கோலினை நிறுத்துகிறது. டெட்டனஸ் நச்சு தண்டுவடம் வரை ஏறி அடக்குபவர்களை ஊமையாக்குகிறது. ஒரு பொருள் தூண்டியா அடக்கியா என்று யாராவது கேட்டால் எந்த அணுவில், எந்த முனையில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இதே பாடத்துக்கு இன்னும் நுட்பமான ஒரு பக்கம் உண்டு. காபா அடக்குகிறது என்றேன். உண்மையில் காபா குளோரைடு வாயிலைத் திறக்க மட்டுமே செய்கிறது. குளோரைடு எந்தப் பக்கம் ஓடும் என்பதை அணுவுக்குள் ஏற்கனவே எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்பது தீர்மானிக்கும். வளர்ந்தவர்களின் நரம்பணுவில் கேசிசி2 என்ற புரதம் குளோரைடை இடைவிடாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. நரம்பில் அடிபட்ட எலிகளின் பின்கொம்பில் இந்த இறைப்பு குறைந்துவிடுவதை 2003-இல் காட்டினார்கள். அங்கே காபாவின் அடக்கும் பலம் சரிகிறது. சில அணுக்களில் அதுவே தூண்டுதலாகவும் மாறுகிறது. அடிபட்ட நரம்பின் எல்லையில் துணி உரசினாலே வலிக்கிறது என்று நோயாளிகள் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி மரத்துப்போக வைக்கும் ஊசிக்கு வருகிறேன். இது கடிவாளம், கணக்கு எதையும் பார்ப்பதில்லை. நீங்கள் சொன்ன கம்பியையே அணைத்துவிடுகிறது. நரம்பிழையில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க வேண்டும். லிடோகெயின், புபிவகெயின் போன்ற மரத்துப்போக வைக்கும் மருந்துகள் அந்த வாயிலின் உட்புறத்தில் போய் அடைத்துக்கொள்கின்றன. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தும்போது முக்கியமாக நரம்பு வேர்களிலேயே வேலை முடிந்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் அணைவதில்லை. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகள் முதலில் போகும், அதனால்தான் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, பிறகு குளிர்ச்சி உணர்வு, வலி, தொடுகை, கடைசியில் தசை. மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன் ஐஸ் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இதைத் தொடங்கி வைத்த ஆகுஸ்ட் பியரின் கதை சுவையானது. 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கொக்கெயினை இப்படிப் பயன்படுத்திப் பார்த்தவர், தானும் உதவியாளர் ஹில்டெபிராண்டும் ஒருவர்மேல் ஒருவர் சோதிப்பது என்று முடிவு செய்தார். பியருக்கு ஊசியும் குழலும் பொருந்தாமல் தண்டுவட நீர்தான் ஒழுகியது. ஹில்டெபிராண்டுக்குச் சரியாக மரத்துப்போனது; உறுதி செய்துகொள்ள அவர் கீழ்க்கால் எலும்பில் சுத்தியலால் அடித்தும் சுருட்டால் சுட்டும் பார்த்தார் பியர். அதை இருவரும் கொண்டாடிவிட்டுப் படுத்தார்கள். பின்னர் பியர் பல நாள் தலைவலியோடு கிடந்தார். நீர் ஒழுகுவதால் வரும் அந்தத் தலைவலி இன்றும் முதுகு ஊசிக்குப் பின் சிலருக்கு வருகிறது. மெல்லிய ஊசிகளால் குறைந்திருக்கிறது.

கம்பியை மூடினால் வலியோடு தொடுகையும் அசைவும் போய்விடும். வலியை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் பின்கொம்பின் இரண்டாம் அடுக்குக்குப் போக வேண்டும். வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் முடியும் இடம் அது. அங்கே அபின் வகை மருந்துகளுக்கான ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. மார்ஃபின் அவற்றில் அமர்ந்தால், செய்தி கொண்டுவரும் முனையில் கால்சியம் வாயில்கள் மூடும், குளூட்டமேட்டும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடும் வெளியேறுவது குறையும்; செய்தி வாங்கும் அணுவில் பொட்டாசியம் வாயில்கள் திறந்து அது மந்தமாகும். இரு பக்கமும் பூட்டு. யாக்ஷ், ரூடி இருவரும் 1976-இல் எலிகளின் தண்டுவட நீரில் நேரடியாக மார்ஃபின் செலுத்தி இதைக் காட்டினார்கள். மூன்றே ஆண்டுகளில் மனிதர்களிடம் வந்தது. 0.1 மில்லிகிராம் மார்ஃபின், ஆம், பத்தில் ஒரு பங்கு மில்லிகிராம், அறுவைக்குப் பின் ஏறக்குறைய ஒரு நாள் வலியை ஆற்றும். சிரை வழியே அதே விளைவுக்கு அதைப்போல நூறு மடங்கு தேவை என்பது வழக்கமான கணக்கு. ஆபத்தும் அந்த நீரிலேயே மிதக்கிறது: மார்ஃபின் கொழுப்பில் எளிதில் கரையாது, நீரிலேயே தங்கி மெதுவாக மேலே ஏறி மூளைத்தண்டின் மூச்சு மையத்தைப் பல மணி நேரம் கழித்துத் தொடும். அதனால்தான் அன்றிரவு முழுக்க மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அதே கால்சியம் வாயிலை நேரடியாக அடைக்கும் மருந்து ஒரு கடல் நத்தையிடமிருந்து வந்தது. கோனஸ் மேகஸ் என்ற கூம்பு நத்தை மீனைக் குத்தி முடக்கும் நஞ்சில் உள்ள 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு, ஆய்வகத்தில் அப்படியே செய்யப்பட்டு ஜிகோனோடைடு என்ற பெயரில் 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்ஃபினைப் போல உடல் இதற்குப் பழகிப்போவதில்லை. ஆனால் தண்டுவட நீரில் பம்பு வைத்துத்தான் கொடுக்க முடியும். குழப்பமும் இல்லாததைக் காணும் மயக்கமும் வரக்கூடும். அதைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு வலி உள்ளவர்களுக்குத்தான்.

பக்லோஃபென் என்ற மருந்து வேறொரு சிக்கலுக்கு. தண்டுவடம் அடிபட்டால் மேலிருந்து வரும் ஆணைகள் அறுந்து கீழ்ப்பகுதி கட்டுப்பாடற்று இறுகிப்போகும். காபாவின் இன்னொரு வகை ஏற்பியான காபா-பி மேல் பக்லோஃபென் வேலை செய்து அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. மாத்திரையாகப் பல மில்லிகிராம் விழுங்கி மூளை தூங்கி வழிவதைவிட, நேரடியாகத் தண்டுவட நீரில் சில நூறு மைக்ரோகிராம் போதும் என்று 1984-இல் பென், கிரோயின் இருவரும் காட்டினார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: பம்பு திடீரென நின்றால் இறுக்கம் பல மடங்காகத் திரும்பி, காய்ச்சலும் வலிப்புமாக உயிரையே எடுக்கலாம். கடிவாளத்தை வெளியிலிருந்து பிடித்துப் பழக்கிவிட்டால் சட்டென்று விடக்கூடாது.

முழு மயக்கத்தைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. மயக்க வாயு மூளையைத் தூங்க வைப்பதால்தான் நோயாளி கத்திக்கு அசையாமல் கிடக்கிறார் என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். 1993-இல் ஆடுகளில் ஐசோஃபுளூரேன் வாயுவை மூளைக்கு மட்டும் போகும்படி செய்து பார்த்தபோது, அசைவை நிறுத்தத் தேவைப்பட்ட அளவு 1.2 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமாக ஏறியது. அதாவது அசையாமல் கிடக்க வைப்பது பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. நினைவை அணைப்பது மூளையின் வேலை. ஒரே வாயு, இரண்டு இடங்களில் இரண்டு வேலைகள்.

வேதிப்பொருள் அடக்கவோ துடிக்க வைக்கவோ மட்டும்தான் செய்யும் என்றும் நினைக்க வேண்டாம். பிறந்த சில நாட்களே ஆன எலியின் தண்டுவடத்தை வெளியே எடுத்து உப்பு நீரில் வைத்து, என்எம்டிஏ என்ற பொருளையும் செரட்டோனினையும் சரியான அளவில் சேர்த்தால், இடம் வலம் இடம் வலம் என்று நடையின் தாளம் அதன் வேர்களில் எழும். மூளையும் இல்லை, கால்களும் இல்லை. 1973-இல் ஃபோர்ஸ்பெர்க், கிரில்னர் இருவரும் தண்டுவடம் அறுக்கப்பட்ட பூனைக்குக் குளோனிடின் என்ற மருந்தைக் கொடுத்து ஓடும் பட்டையில் நடக்க வைத்தார்கள். நடை என்ற நிரல் தண்டுவடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மேலிருந்து வரும் செரட்டோனினும் நார்அட்ரினலினும் அதை முடுக்குகின்றன.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. இத்தகைய விபத்துகளில் அதிகம் பதிவாகியிருப்பது டிரனெக்சாமிக் அமிலம், இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. சிரை வழியே முறையாகக் கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. ஆனால் அதன் மூலக்கூறும் ஓர் அமினோ அமிலம்தான். கிளைசினையும் காபாவையும் ஒத்திருப்பதால் அவற்றின் ஏற்பிகளில் போய் அடைத்துக்கொள்கிறது. இரத்தத்திலிருந்து தண்டுவடத்துக்குள் கொஞ்சமே போவதால் வழக்கமாக அது தெரிவதில்லை. புபிவகெயின் குப்பிக்குப் பதிலாக அதைப்போலவே தோற்றமளிக்கும் இந்தக் குப்பி உடைக்கப்பட்டு, தண்டுவட நீரில் நேராக ஏறினால், எட்டி விதை செய்ததையே இதுவும் செய்கிறது. முதலில் முதுகிலும் இடுப்பிலும் கடும் வலி, மரத்துப்போக வேண்டிய கால்கள் வெட்டி இழுக்கும், பிறகு நீர் மேலே ஏற ஏற முழு வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. பதிவான நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். புரோபொஃபால், ஐசோஃபுளூரேன் போன்ற மயக்க மருந்துகள் கிளைசின் ஏற்பியின் வேலையைத் தூக்கி நிறுத்துவதால் ஆழ்ந்த மயக்கத்தில் வைப்பதும், தண்டுவட நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உப்பு நீரால் மாற்றுவதும்தான் சிகிச்சை. அதைவிட மேலானது, இரண்டு குப்பிகளையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பதும், உடைக்கும் முன் பெயரை இருவர் உரக்கப் படிப்பதும்.